பாங்குக் கடிகாரம், நாலு டஜன்

யீவுவிலிருந்து கப்பலேறி
தூத்துக்குடியில் இறங்கி
கீழக்கரைக்கு வந்து சேர இருபத்தாறு நாள்.
சுங்கத்தாளில் ‘தரைவிரிப்பு, பாலியெஸ்டர்.’
பிரித்தால் முசல்லா:
பச்சையில் ஒரு குபா, இரண்டு மினாரா,
மூலையில் காயாத பசை நாற்றம்.

அனுப்புகிறவள் மா சியூலான்.
சந்தை முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.
ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்
ஆட்டுக்கறி நூடுல்ஸ் ஆறுவதற்குள்
இன்னொரு பெயர் சொன்னாள், ஸபிய்யா.
நான் சீனி நைனா என்றேன்.
சீனி என்றால் சர்க்கரை,
சீனி என்றால் உன் நாடும்தான்.
சிரித்தாள். விலையைக் குறைக்கவில்லை.

முன்பு அவள் செய்தி ஸலாமில் தொடங்கும்.
பிறகு ‘வணக்கம் நண்பர்’ வந்தது, செல்போன் போட்ட தமிழ்.
பிறகு கட்டைவிரல் மட்டும்.

பிறந்த ஊர்ப் பள்ளியில் மராமத்து என்று
ஒரு படம் அனுப்பினாள்.
குபா இருந்த இடத்தில் ஓட்டுக்கூரை,
வாசலில் கொடி, பக்கத்தில் பலகை.
இரண்டு நிமிடத்தில் படத்தை அழித்துவிட்டாள்.
அதற்குள் பலகையைப் படித்திருந்தேன்:
பதினெட்டு நிரம்பாதவர் உள்ளே வரக்கூடாது.
அவள் மகனுக்கு ஒன்பது வயது.
தொழுவதும் படிப்பதும் பள்ளிதான் எங்களுக்கு,
ஒரே சொல்.
அதை எழுதி, அனுப்பாமல் அழித்தேன் நானும்.

கந்தூரிக்கு ஒலிபெருக்கி அனுமதி கேட்டு
காவல் நிலையத்தில் நின்றபோது
ஏட்டு கேட்டார், எத்தனை டெசிபல்?
எழுதிக் கொடுத்தேன், முத்திரை வாங்கினேன்,
வெளியே வந்து டீ குடித்தேன்.
இதுவும் அதுவும் ஒன்றல்ல. தெரியும்.
இருந்தாலும் டீ இறங்கவில்லை.

பாங்குக் கடிகாரம் நாலு டஜன் சொல்லியிருந்தேன்.
போன தடவை பன்னிரண்டு ஊமை,
இந்தத் தடவை சோதித்து அனுப்பு.
காணொளி வந்தது.
மேசை, திருப்புளி, கையுறை மாட்டிய விரல்.
முதல் ‘அல்லாஹு’ வரை ஒலிக்கிறது. அணைக்கிறாள்.
அடுத்தது. அணைக்கிறாள்.
நாற்பத்தேழு தடவை.
கடைசியை விட்டுவிட்டு எழுந்து போகிறாள்.
கதவு சாத்தும் சத்தம்.
பிறகு முழு பாங்கும்.
கீழே எழுதியிருந்தாள்: தரம் சரி.

பெட்டியைப் பிரித்தேன்.
நாற்பத்தேழு, பேட்டரி இல்லாமல்.
ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது,
அவள் ஊர் நேரத்தில்.

நடுராத்திரி இரண்டரைக்கு
வாடைக் காற்றுக்கு மேல் அது கூவ,
கிட்டங்கிக் காவலுக்குப் படுத்திருந்த முனியசாமி
பதறிப்போய் போன் போட்டான்.
முதலாளி, நேரம் தப்பா அடிக்குது, நிறுத்தவா?
வேண்டாம், இருக்கட்டும்.
அங்கே விடிகிறது.