முப்பது மைல்

வாரத்தில் ஆறு நாள் எனக்குச் செம்பனை எண்ணெய் டாங்கி லோரி.
ஆலை, கிள்ளான் துறைமுகம், மறுபடி ஆலை.
முதுகுக்குப் பின்னால் டன் கணக்கில் தளும்பும்;
கடிகாரம் தவிர எதையும் பார்த்ததில்லை.

ஞாயிறு மட்டும் மோரிஸ் மைனர்.
ஐம்பத்திரண்டில் பிறந்தது, என்னைவிட மூத்தது.
வேகமுள் இன்னும் மைலில்தான் பேசும்.
நாற்பதைத் தொட்டால் கதவு நடுங்கும்,
ஆகவே முப்பது.

பீடோர் பசாரைத் தாண்டியதும்
கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டு
நாசி லெமாக் பொட்டலத்தை மடியில் பிரிப்பாள்.
நெத்திலி எனக்கொன்று, அவளுக்கு இரண்டு.

முப்பதில் போனால்தான் தெரிகிறது,
கித்தாக்காடு முடிந்து செம்பனை தொடங்கும் இடத்தில்
காற்றின் வாசனையும் மாறுகிறது என்று.
முனியாண்டி சூலத்தில்
யாரோ புது எலுமிச்சை குத்தியிருக்கிறார்கள் என்று.

இடப்பக்க சிக்னல் கை
தூணுக்குள்ளேயே தூங்கிவிடும்.
திருப்பம் வந்தால் நான் "ம்" என்பேன்.
அவள் முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள்,
ஆரஞ்சு நாக்கு வெளியே நீளும்.
இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில்
இவ்வளவு சரியாக நாங்கள் வேறெதையும் செய்ததில்லை.

இன்று சங்காட் ஜோங் பக்கம்
பின்னால் ஒரு டாங்கி லோரி. ஹாரன். மறுபடி ஹாரன்.
கண்ணாடியில் பார்த்தேன்:
எங்கள் கொம்பனி வண்டிதான். குணாளன், ஞாயிறு ஓவர்டைம்.
ஒதுங்கி வழிவிட்டேன்.
கடக்கும்போது அடையாளம் கண்டு
கை தூக்கினான், வேகம் குறைக்காமல்.

"நாளைக்கு நீங்க அந்தப் பக்கம்"
என்றாள் கமலவேணி,
கடைசி நெத்திலியை என் வாயில் வைத்து.

மூன்றாம் கியருக்கு இறங்கினேன்.
இருபத்தைந்து.