இழுவை

மத்திய வீதியில், கைபேசி உறைகள் தொங்கும் கடையில்
கண்ணாடிக்குள் பதினொன்று கிடந்தன.
பேனை போல மெலிந்தவை, சவர்க்காரக் கட்டி போலத் தடித்தவை,
ஒன்றில் மட்டும் சின்னத் திரை, அதில் ஓடும் எண்கள்.
"ஆருக்கு அன்ரி?" என்றான் றிம்சான்.
"இருபத்தாறு வருசமாய்ப் பத்துற ஒராளுக்கு."

"அப்ப தொடக்கக்காரர்" என்று ஒன்றை எடுத்துத் தந்தான்.
தொடக்கக்காரர்.
இறங்குதுறையில் கோதுமை லொறி நிறுக்கிற மனிசன்,
மகளின் சாமத்திய வீட்டிலும்
பந்தலுக்குப் பின்னால் போய் நின்றவர்.
ஆரும் அவரை இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

றிம்சான் டொக்டர் மாதிரிக் கேட்டான்.
நாளுக்கு எத்தனை?
பதினேழு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இருபது தாண்டும்,
பாதியைக் காற்றுத்தான் பத்துது என்பார்.
முதலாவது எப்ப? தேத்தண்ணிக்குப் பிறகா?
பாயைச் சுருட்ட முதல்.
"அப்ப நிக்கொட்டீன் கொஞ்சம் கூடினது வேணும் அன்ரி.
குறைச்சுக் குடுத்தா
ரெண்டு நாளில பெட்டிக்கடைக்குத் திரும்பிடுவார்."

வாயில் பிடித்து வைத்து நெஞ்சுக்கு விடுவாரா,
நேரே இறக்குவாரா?

அதற்கு நான் யோசிக்கவே இல்லை.
முதலில் கன்னம் குழியும்.
பிறகொரு நிறுத்தம்,
கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விடும் அளவுக்கு.
பிறகு தோள் சற்று ஏறும்.
விடும்போது இடப்பக்கம் திரும்புவார், நான் வலப்பக்கம் நிற்பதால்.
பெடியன் என்னையே பார்த்தபடி நின்றான்.
இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பது
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
சண்டை பிடித்த நேரமெல்லாம்
அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"இறுக்கமான இழுவை" என்றான். "சிகரெட் மாதிரியே."

மாம்பழம், புதினா, வத்தகப்பழம் என்று அடுக்கினான்.
இனிப்பு வேண்டாம் தம்பி, புகையிலை மணத்தில் தா.
திரை வேண்டாம்,
பகல் முழுக்கத் தராசின் எண்களைப் பார்க்கிற கண்.
போத்தலில் ஊற்றுவதும் வேண்டாம், விரல் நடுங்கும்.
பொத்தானே இல்லாததைத் தா,
கழற்றி மாற்றினால் போதும், வைத்து இழுத்தால் போதும்.
சீட்டுக் காசை எண்ணி வைத்தேன்.
"மருந்தெண்டு நினைக்காதீங்க" என்றான் மிச்சம் தரும்போது,
"நெருப்பில்லை, அவ்வளவுதான்."

அன்று பின்னேரம் டச்சுக் குடாவில்,
மான்கள் கச்சான் சரைகளை மென்றுகொண்டிருந்த கரையில்,
கையில் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
எடை குறைந்த லொறியைப் பார்க்கிற மாதிரி.
இழுத்தார். இருமினார். மறுபடி இழுத்தார்.
கன்னம் குழிந்தது. நிறுத்தம். தோள்.
பிறகு, சுட்டுவிரலால் அதன் தலையை
இரண்டு முறை தட்டினார்.
ஒன்றும் விழவில்லை.
சாம்பல் விழ வேண்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார்.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இறங்குதுறையில்
"குணாளன் அண்ணை புல்லாங்குழல் ஊதுறார்" என்றார்களாம்.
இரண்டு நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.
மூன்றாம் நாள் கொண்டுபோனார்.
பதினேழு ஒன்பதானது. ஒன்பது நாலானது.

இரவில் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில்
நீலப் பொட்டு வெளிச்சத்தோடு அது மின்சாரம் குடிக்கிறது.
ஆறு கிழமை.
இப்போது ஒன்றே ஒன்று. இரவு வேலை முடிகிற விடியலில்,
தராசுக் கொட்டிலுக்குப் பின்னால் என்று நினைக்கிறேன்.
அவர் சொல்லவில்லை.
பதினேழு இருந்தபோது சேர்ட்டில் ஒன்றையும் பிரித்தறிய ஏலாது,
இப்போது அந்த ஒன்று
வெறும் வீட்டில் நடக்கிற ஆளின் காலடி மாதிரித் துலக்கமாய் மணக்கிறது.
நான் கேட்கவில்லை.
வாளியில் நனைய விட்டேன்.

இன்னும் இடப்பக்கம்தான் திரும்பி விடுகிறார்.
நேற்று நான் இடப்பக்கம் போய் நின்றேன்.