வருகிறதாம்

கடல் திரும்பி வருகிறதாம்.
ரொட்டிக் கடை வரிசையில் நின்றபடி சொன்னவன்
லாரி ஓட்டும் துலெபெர்கென்.
அவனுக்கு நூகுஸில் ஒரு பொறியாளர் சொன்னாராம்,
அவர் ஒரு வரைபடத்தில் பார்த்தாராம்.
வரைபடத்தை எங்களில் எவரும் பார்க்கவில்லை.
அதன் நீலம் மட்டும்
பொழுது சாய்வதற்குள்
எல்லார் கையிலும் ஒட்டியிருந்தது.

நான் நீர்மட்டம் அளக்கிறவன்.
ஆரல் கடல் எங்கள் ஊரை விட்டுப் போன பிறகும்
மாதம் ஒருமுறை ஜீப்பில் நாள் முழுக்கப் போய்
எங்கே நிற்கிறாய் என்று கேட்டு
எழுதிக்கொண்டு வருகிறவன்.
இன்னும் நானூறு அடி விலகியிருக்கிறது என்றேன்.
‘அது போன மாதக் கணக்கு’ என்றாள் ஐசானெம்.
மூடிப்போன ஆலையில் மீன் டப்பா அடைத்தவள்.
என் நோட்டை வாங்கி
விளக்கடியில் வைத்துப் பார்த்தார்கள்.
அளவுகோல் சரிதானா,
அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்,
எனக்குச் சம்பளம் தருவது யார்,
கண்ணாடி மாற்றி எத்தனை வருடம்.
துலெபெர்கெனிடம் மட்டும்
பொறியாளரின் பெயரைக்கூட
ஒருவரும் கேட்கவில்லை.

சேதியின் வாலில் தொங்கிய அந்த ‘ஆம்’,
யாரோ சொன்னார்கள் என்கிற ஆம்,
ஒரே ராத்திரியில்
சரி என்கிற ஆம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை சர்செம்பாய்
மணலில் ஒருக்களித்துக் கிடந்த படகுக்குத் தார் பூசினான்.
இருபத்தொன்பது வயது.
அலையைப் பார்த்ததே இல்லை.
அவன் பூசுவதைப் பார்த்து இன்னொருவன்.
துறைமுகத் தெருவில்
(பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது)
மனை விலை ஏறியது.
விலை ஏறுகிறதே, பொய்யாகவா இருக்கும்
என்றார்கள் வாங்கியவர்கள்.

சிரித்தேன்.
எங்கள் காற்றில் வாய் திறந்து சிரிக்கக் கூடாது.
பல்லெல்லாம் உப்பு.

அந்த வாரக் கடைசியில்
சமாராவிலிருந்து மகன் பேசினான்.
குடியை விட்டுவிட்டேன் அப்பா.
புத்தாண்டுக்கு வருகிறேன்.
கடனெல்லாம் அடைந்துவிடும்,
வழிச்செலவுக்கு மட்டும் கொஞ்சம்.

எந்தக் கோலை நட்டேன் அப்போது?
வார்த்தை நடுவில் குழறியதை
சிக்னல் கோளாறு என்றேன்.
‘போன வருடமும் இதையேதான் சொன்னான்’
அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள் என் மனைவி.
‘அது போன வருடக் கணக்கு.’

என் வாயிலிருந்துதான் வந்தது.

மறுநாள் பணம் அனுப்பினேன்.
வால் பெருத்த ஆடு ஒன்று
பேரம் பேசாமல் வாங்கிக் கட்டினேன்.

ஜனவரி பாதி போய்விட்டது.
அளந்துவிட்டுத் திரும்புகிற வழியில்
படகின் மேலிருந்து சர்செம்பாய் கையசைத்தான்.
‘எவ்வளவு?’
நோட்டு மடியில்தான் இருந்தது.
‘இன்றைக்குப் புழுதி,
சரியாகத் தெரியவில்லை’ என்றேன்.
‘அதானே’ என்றான்.

தார் நன்றாகக் காய்ந்திருந்தது.
வீட்டில் ஆடு
இன்னும் கொழுத்துக்கொண்டிருக்கிறது.