திருத்தம் நான்கு

விண்டர்தூரில், ஒரு காலத்தில் ரயில் எஞ்சின் வார்த்த கூடத்தின்
மூன்றாம் மாடியில் பன்னிரண்டு பேர்
உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகையைப்
பத்தொன்பது மாதம் சுமந்தோம்.

முதல் பலகை மின்சாரம் கொடுத்ததும் புகைந்தது.
டையோடைத் திருப்பி வைத்தது நான்தான்.
இரண்டாவது புகையவில்லை, வேறெதுவும் செய்யவுமில்லை.
மூன்றாவது, ஒரு வியாழன் மாலை ஆறேகாலுக்குக்
கறுப்புத் திரையில் ஒற்றை வரி எழுதியது:
நினைவகம் இரண்டு ஜிகாபைட், சரி.
அந்தச் 'சரி'க்கு முதலாளி உர்சினா மேசையைத் தட்டினாள்.
தட்டிய தட்டில் பலகை மறுபடி அணைந்தது.

வீட்டுக் கணினி மாதிரியில்லை இது.
விசிறி கிடையாது, திரை கிடையாது,
எட்டிப் பார்க்க ஆள் கிடையாது.
கழிவுநீர் இறைக்கும் அறையில், கேபிள் கார் கோபுரத்தில்,
பால் குளிரூட்டும் தொட்டிக்குப் பின்னால்
இரும்புப் பெட்டிக்குள் கிடந்து உழைக்க வேண்டும்.
பன்னிரண்டு ஆண்டு இதே பலகை கிடைக்கும் என்று
விற்பனைத் தாளில் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.
என் வதிவிட அனுமதியில் பாக்கி பதினோரு மாதம்.

பெஸ்னிக்தான் குளிர்ப் பெட்டிக்குக் காவல்.
மைனஸ் நாற்பதில் ஓர் இரவு, எண்பத்தைந்தில் ஓர் இரவு.
காலையில் கதவைத் திறந்தால் வெண்புகை
அவன் முழங்காலில் வழிந்து இறங்கும்.
"உயிரோடிருக்கிறாள்" என்பான்.
ஜெர்மனில் பலகை பெண்பால்.
எனக்கு அது அதுதான்.

மாட்டிக்கொண்டது மின்காந்தச் சோதனையில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸில்
அனுமதிக் கோட்டுக்கு மேலே ஒரு முள்.
வெளியீட்டுத் தேதி அச்சாகிவிட்டது,
நியூரம்பெர்க் கண்காட்சியில் மேசைக்குப் பணம் கட்டியாயிற்று.
கவசம் போட்டோம், கேபிள் மாற்றினோம், ஃபெரைட் வளையம் கோத்தோம்.
முள் தலை சாயவில்லை.

இரவு வரைபடத்தை வெங்காயம் போல் உரித்தேன்.
இரண்டாம் அடுக்கு தரைத்தளம், முழுத் தாமிரம்.
அதன் மூலையில், நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குத்
தாமிரத்தை வெட்டி
நான் எழுதிய உ.

எந்தப் புது நோட்டிலும் போடுவேன்.
பழக்கம், பக்தி என்று சொல்ல மாட்டேன்.
முதல் திருத்தத்தில் அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை.
மூன்றாவதில் இடநெருக்கடி,
கடிகாரத் தடத்தை நானே அதன் மேல் இழுத்திருக்கிறேன்.
போன மின்னோட்டம் திரும்பி வர நேர்வழியில்லாமல்
சுழியைச் சுற்றி, வாலைச் சுற்றி,
வருகிற வழியெல்லாம் ஊருக்குக் கேட்கக் கத்திக்கொண்டு
வந்திருக்கிறது.
விக்கினம் வராதிருக்கப் போட்டது.

சத்தமில்லாமல் நிரப்பிவிடலாம். ஒரு சொடுக்கு.
மாற்றப் பதிவேட்டில் 'தரைத்தள மேம்பாடு' என்று எழுதி,
அழித்து,
'அடுக்கு இரண்டில் என் எழுத்து இருந்தது. நீக்கினேன்' என்று எழுதினேன்.

உர்சினா படித்தாள். "என்ன எழுத்து?"
"தொடங்கும்போது போடுவது."
"அதன் விலை தெரியுமா?"
தெரியும். ஆறாயிரத்து நானூறு பிராங்க், ஐந்து வாரம்,
நியூரம்பெர்க் மேசையில் பலகைக்குப் பதில் பலகையின் படம்.
மூன்று நாள் அவள் என்னோடு காபி குடிக்கவில்லை.
நான்காம் நாள் வந்து
சர்க்கரை கேட்டாள்.

திருத்தம் நான்கு ஜூன் மாதம் வந்தது. முள் இல்லை.
வெளியீடு என்றால், ஆளுக்கொரு துண்டு ஆப்ரிகாட் கேக்,
பத்து மணிக்கு உர்சினா ஒரு பொத்தானை அழுத்தினாள்,
பத்தேகாலுக்கு ஒருவர் விலை குறையுமா என்று கேட்டார்.

முதல் நாற்பது, ட்யோஸ் ஆற்றங்கரைக் கழிவுநீர் நிலையத்துக்கு.
அட்டைப்பெட்டியை ஒட்டுமுன் பெஸ்னிக் பேனாவை நீட்டினான்.
"இதில் போடு. அட்டையில் மின்சாரம் ஓடாது."

உ போட்டேன்.
தனியாக நிற்பது ஒரு மாதிரி இருந்தது.
பின்னாலேயே சேர்த்தேன்: லர்ந்த இடத்தில் வைக்கவும்.
கேட்டால் எச்சரிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம்,
அந்தப் பம்பு அறையில்
அதை வாசிக்க ஒருவர் இருந்தால்.