நான்காயிரம் மீட்டரில் அடை

எல் ஆல்டோவில் தண்ணீர்
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
கொதிநீரில் வைத்துச் சோதித்தால்
நல்ல வெப்பமானியும் பொய்யன் ஆகிவிடும்.
ஆகவே எவுலோகியா
உருகும் பனிக்கட்டிக்குள் அதைச் செருகி வைத்து
சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறாள்.
அரை டிகிரி மேலே நிற்கிறது.
ஃபிரிட்ஜ் கதவில் பேனாவால் எழுதுகிறாள்:
அரை கழி.

பழுது பார்க்கக் கொடுத்த ஆள்
திரும்பி வராமலே போன ஃபிரிட்ஜ் அது.
குளிரைக் காக்கச் செய்த சுவர்கள்
சூட்டையும் காக்கும்;
உள்ளே இருப்பது எது என்று
அவை கேட்பதில்லை.
நாற்பது வாட் பல்பு இரண்டு.
கணினியிலிருந்து கழற்றிய விசிறி ஒன்று,
முட்டைகளைப் பார்த்து அல்ல,
பின்சுவரைப் பார்த்து ஊதுகிறது,
முட்டிக்கொண்ட காற்று
மூலைமுடுக்கெல்லாம் போய் வரட்டும் என்று.
மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும்
மூன்று டிகிரி பகை இருந்தது.
இப்போது கால் டிகிரி ஊடல்.

முதல் ஈட்டு முட்டைகள்
கீழே கரனாவியிலிருந்து வந்தன,
காப்பி உமியில் புதைத்து, இரவுப் பேருந்தில்.
தங்கை கணவன் நெஸ்தோர் அனுப்பியவை. இருபத்து நான்கு.
குஞ்சில் பாதிக்குப் பாதி என்று பேச்சு.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு.
அந்தப் பயத்தில்
இருந்த நான்கு துளைகளில் மூன்றை
டேப் ஒட்டி அடைத்தாள்.
முப்பத்தேழரை. முள் அசையவே இல்லை.
அடை கெட்டது.

இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்றாம் நாள்.
ஒவ்வொன்றாக உடைத்தாள்.
கூமுட்டை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு
எறிந்திருப்பாள்.
எல்லாமே முழுக் குஞ்சுகள்.
நகம் வரை வந்திருந்தது.
மழுங்கிய முனையிலுள்ள காற்றறைக்குள்
அலகை நீட்டியபடி
அப்படியே.

நெஸ்தோர் கணக்குக் கேட்க வந்தான்.
மூன்றாம் மாடிக்கு இரண்டு படி பாக்கி,
உட்கார்ந்துவிட்டான்.
உதடு நாவல்பழ நிறம்.
கோக்கா இலைத் தேநீரைத் தள்ளிவிட்டு,
'ஜன்னலைத் திற' என்றான்.
'ஆலங்கட்டி கொட்டுகிறது.'
'திற.'
திறந்தாள்.
அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு அவனை விட்டுவிட்டு
ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

துளைபோடும் இயந்திரத்துக்கு
இரவென்றும் பகலென்றும் உண்டா?
கீழே நான்கு, மேலே நான்கு.
துளை போட்டால் சூடு ஓடுகிறது;
பல்பு அறுபது வாட் ஆகிறது.
பல்பு பெரிதானால் ஈரம் ஓடுகிறது;
பஞ்சை நனைத்து வைக்கிறாள்.
பஞ்சை வைக்கக் கதவைத் திறந்தால்
மறுபடியும் சூடு.
மூச்சுக்குக் கொடுத்ததை
எல்லாரும் வட்டியோடு திருப்பிக் கேட்கிறார்கள்.

இரண்டாம் ஈடு:
பன்னிரண்டு நெஸ்தோருடையவை,
பன்னிரண்டு எதிர்வீட்டு பிரிமித்திவாவின் கோழிகளுடையவை.
இந்த உயரத்திலேயே பிறந்து
இந்த உயரத்திலேயே திருடித் தின்னும் கோழிகள்.
ஏழாம் நாள் டார்ச் பிடித்துப் பார்க்கிறாள்.
காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிடுகிறாள்.
பதினான்காம் நாள் மறு கோடு.
பள்ளத்து முட்டைகளில்
கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே விரல் அகலம்.
மேட்டு முட்டைகளில் நகக்கீற்று.
பள்ளத்து ஓடு ஒழுகுகிறது;
மேட்டு ஓட்டுக்குச்
சிக்கனம் தெரிந்திருக்கிறது.

பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தினாள்.
பத்தொன்பதாம் நாள் உள்ளேயிருந்து ஒரு சத்தம்.
விசிறியின் பேரிங் என்று நினைத்து
எண்ணெய்க் குப்பியைத் தேடினாள்.
பேரிங் கீச்சிடும்போது
பதிலுக்கு இன்னொரு பேரிங் கீச்சிடாது.

பிரிமித்திவாவினுடையவை ஒன்பது.
நெஸ்தோருக்குப் போன் போட்டாள்.
'எனக்கு?'
'நான்கு.'
அந்தப் பக்கம் மௌனம். பஸ் ஹாரன்.
'நான்குதானா?'
'உன்னைவிடக் கெட்டி. ஓட்டை ஏறி வெளியே வந்துவிட்டன.
நீ இரண்டு படியில் நின்றவன்.'

பல்பை அணைக்கவில்லை இன்னும்.
எட்டுத் துளை வழியாகவும்
மலைக்காற்று மெல்ல விசிலடிக்கிறது.
கதவில், அரை கழி என்பதற்குக் கீழே
எழுதுகிறாள்:
துளை எட்டு.
கொஞ்சம் யோசித்து, பக்கத்தில்:
பத்து?