மூன்றாவது கையெழுத்து

வங்கிப் படிவத்தில்
அறங்காவலர்க்கு மூன்று கட்டம்.

துளசிமணி அக்கா முதலில் போட்டாள்.
ஓவர்லாக் மெஷினில் பதினெட்டு வருஷம்;
பேனாவையும் துணிபோலத்தான் தள்ளுவாள்.

அடுத்தது நான்.
பிணவறைக்கு வெளியே குடித்த டீயை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
இன்னும் தெரியாத பொருளாளர்.

மூன்றாவது குந்தளா.
நாலு வருஷத்துக்கு முன்
அனுப்பர்பாளையம் விடுதிச் சுவரேறிக் குதித்து
ஒற்றைச் செருப்போடு வந்தவள்.
பேசியது எங்களுக்குப் புரியவில்லை.
சோறு போட்டோம், ரசத்தைத் தொடவில்லை.
சொம்புத் தண்ணீரைச் சாய்த்துக் கரைத்துக்கொண்டாள்.
“அட, நம்ம பழைய சோறு” என்றாள் அக்கா.
அதுதான் முதல் பேச்சுவார்த்தை.

இப்போது ராத்திரி போனை அவள்தான் எடுக்கிறாள்.
ஒடியா, சாதரி, அரைகுறை அசாமி,
நடுவே “அழுவாதீங் அம்மிணி”.

கையெழுத்தைப் பார்த்த குமாஸ்தா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எழுத்தெல்லாம் முக்காடு போட்டு நின்றன.
“இதென்னங் பாஷை?
தமிழ்ல போடச் சொல்லுங்.”
என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கா வாயெடுக்குமுன் குந்தளா சொன்னாள்:
“தமிழ்த் தாள்ல ஒருதடவை
போட்டுருக்கேனுங் சார்.
மூணு வருஷம் வெளிய விடல.”

மேனேஜர் வரட்டும் என்றார்கள்.
நாற்காலி இரண்டுதான். அக்கா நின்றாள்.

போன் அடித்தது.
பெருமாநல்லூரிலிருந்து யாரோ,
விசும்பல்தான் எனக்குக் கேட்டது.
குந்தளா படிவத்தைத் திருப்பி
பின்பக்கத்தில் விலாசம் எழுதினாள்,
அதே எழுத்தில், மேலிருந்து கீழ்வரை.

வேறு படிவம் கேட்க
நான் மறுபடி வரிசையில் போய் நின்றேன்.
அவர்கள் இருவரும்
வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.