வந்த காரணம்

பாபுராவ் தெருவில்
பன்னிரண்டு அறை கொண்ட விடுதி.
இரவு மேசை எனக்கு.
தமிழைவிட வங்காளம் அதிகம் கேட்கும் தெரு,
எனக்கும் அதில் நாலு வார்த்தை வரும்:
தண்ணீர், வாடகை, மாடி,
பயப்படாதே.

போன தை மாதம் முதலாளி
பேரேட்டைப் பரணில் போட்டுவிட்டு
ஒரு டேப்லெட் வாங்கி வைத்தார்.
"எல்லாத்தையும் ஆப்புல ஏத்திடு,
இலவசம்தான்."
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.
கொசுறுக் கறிவேப்பிலையைக்கூட
லாங்கு பஜாரில்
விலையில் சேர்த்துத்தான் கிள்ளிக் கொடுப்பார்கள்.

அந்த வாரம்தான் ஷெஃபாலி மாஜி வந்தாள்.
புருலியாவிலிருந்து ரயில்,
காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோ.
கூட வந்த கணவன் நிதாய்
படியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான்.

பெயர். வயது.
ஆதார், இரண்டு பக்கமும்.
முகம், கண் சிமிட்டாமல்.
வந்த காரணம்.
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காது.

ஃபைலை விரித்துக் காட்டினாள்,
படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு
உதட்டில் விரல் வைத்தாள்.
அவனைப் பொறுத்தவரை அது வயிற்றுப்புண்.
நோயின் பெயர் தெரிந்தது
டாக்டருக்கும் அவளுக்கும் எனக்கும்.
மூன்று பேர் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் எறும்புச் சாரிபோல் ஆங்கிலம்,
அடியில் சின்னதாக ஒரு சதுரம்:
நான் ஒப்புக்கொள்கிறேன்.
அவளுக்குப் படிக்கத் தெரியாது.
எனக்குத் தெரியும், படிக்கவில்லை.
அதைத் தொட்டது என் விரல்.

ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு
நிதாய் தனியாக இறங்கி வந்தான்.
போனை என் முன்னால் நீட்டினான்.
அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு,
அவன் பாஷையிலேயே,
நோயின் பெயரும் போட்டு
காப்பீடு விற்றுக்கொண்டிருந்தது திரை.
ஒரு நண்டுப் படம். சிரிக்கும் ஒரு குடும்பம்.
"இன்று மட்டும் தள்ளுபடி" என்பதுபோல் ஏதோ சிவப்பில்.
அவன் நண்டின்மேல் விரல் வைத்தான்,
அப்புறம் அதே விரலைத் தன் மார்பில்.
நானா?

நாலாவது வார்த்தை
எனக்கு வாயில் வரவில்லை.

அக்கா மகன் நவ்ஷாத் காட்பாடியில் சட்டம் படிக்கிறான்.
"சட்டம் வந்தாச்சு மாமா.
அழிக்கச் சொல்லிக் கேட்கலாம்,
வாரியத்துக்கு எழுதலாம்.
அபராதம் கோடியில இருக்கு."
எழுதினோம்.
கம்பெனி பதில் போட்டது, ரொம்ப மரியாதையாக:
தகவலை அழிக்க வேண்டுமானால்
ஆதார், இரண்டு பக்கமும்.
முகம், கண் சிமிட்டாமல்.
அழிப்பதற்கான காரணம்.

என் வாப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிட்டவர்.
ஆலைக்காரர்கள் எப்போதும் ஒரு குழாயைக் காட்டி
சுத்தமான தண்ணி என்பார்களாம்.
ஜனங்கள் கிணற்றை மோந்து பார்த்தார்கள்,
ஒரு செம்பில் மொண்டுபோய்
அதிகாரியின் மேசைமேல் வைத்தார்கள்.
நிறம் இருந்தது, நாற்றம் இருந்தது,
அப்படியும் வழக்கு நடந்தது வருஷக் கணக்கில்.
இந்தக் கிணறு எங்கே இருக்கிறது?
எந்தச் செம்பில் மொள்வேன்?
தோல் உரிந்தவன் மட்டும்
இருபத்திரண்டாம் எண் அறையில்
சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

அவர்கள் காலி செய்த அன்று
ஷெஃபாலி என்னைத் திட்டவில்லை.
சாவியை வைத்தாள்.
மிச்ச வாடகையை ஒருமுறைக்கு இருமுறை எண்ணி வாங்கினாள்.

பரணில் ஏறினேன்.
பேரேட்டில் பல்லி முட்டை இட்டிருந்தது.
தட்டிவிட்டு, கோடு கிழித்து,
போலீஸ் கேட்பதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்:
பெயர், ஊர், தேதி.
டேப்லெட்டுக்கு சார்ஜர் தொலைந்துவிட்டது.
எங்கே தொலைந்தது என்று எனக்குத் தெரியும்.

நேற்று முதலாளி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.
"என்னய்யா இது,
அசாம்காரன், ஜார்க்கண்டுக்காரன்,
கட்டுப்போட்ட குழந்தை, மொட்டைத்தலைப் பொம்பளை,
எல்லாருக்குமா
வேலூர்ல சொந்த வேலை?"

ஆமாங்க, என்றேன்.
சொந்த வேலைதான்.